துறுதுறுப் பிள்ளைக்கு ஒரு துணை தேடி



நம் சங்க மலரில் வரும் கோவில் கட்டுரைகளையும் சமையல் குறிப்புகளையும் விரும்பிப் படிப்பவள் நான். எழுதிப் பழக்கம் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். "ஊரெல்லாம் தெரிஞ்சு போயிடுமே" என்று என் மாமியார் கவலைப்பட்டார். "தெரியட்டும்மா. அன்னிக்கு நமக்கு யாராவது சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்" என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுத உட்கார்ந்தேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக் கொண்டேன். நாளை வளர்ந்த பிறகு தன் கதையைச் சொல்வதும் சொல்லாததும் என் மகனுடைய விருப்பம் அல்லவா?

வாலு என்றார்கள், அல்லரி என்றார்கள்

கணவரின் பணி மாற்றம் காரணமாக 2016-ஆம் ஆண்டு நாங்கள் கும்பகோணத்திலிருந்து திருப்பதிக்கு வந்தோம். அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஓடித்தான் பழக்கம். ஊரில் இருந்தவரை "சரியான வாலு" என்று சொல்லிச் சிரித்தார்கள். இங்கே மாடி வீட்டு அம்மாள் "சாலா அல்லரி பில்லாடண்டி" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லில் ஒரு செல்லம் இருக்கிறது. அந்தச் செல்லத்திலேயே நாங்கள் ஆறு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

சிரிப்பு நின்றது பள்ளியில்தான். எழுதத் தொடங்கிய வரி பாதியில் நிற்கும். ஒரு மாதத்தில் பதினொரு பென்சில் தொலையும். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். அதுவும் பெரும்பாலும் வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும். ஒரு நாள் கோவிந்தராஜ சுவாமி கோவில் தெருவில் ஒரு பலூன்காரரைப் பார்த்ததும் என் கையை உதறிக்கொண்டு சாலையின் குறுக்கே ஓடினான். ஆட்டோ ஓட்டுநர் பிரேக் போட்டதால் பிள்ளை பிழைத்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொரோனா முடிந்து பள்ளி திறந்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. நாட்குறிப்பில் தினமும் ஒரு சிவப்பு மை வாக்கியம். "வேறு பள்ளி பார்த்துக் கொள்ளுங்கள்" என்று நாசூக்காகச் சொன்னார்கள். நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் அவனை அடித்தேன். தோசைக் கரண்டியால் அடித்தேன். ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவன், பையை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் நாட்குறிப்பைக் காட்டினான்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். நமக்கு வேறு யாராவது உதவ வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தட்டக் கூடாத கதவுகள்

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் எல்லோரிடமும் போவார்கள். நாங்களும் போனோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். நினைவாற்றலுக்கு என்று விற்கும் சிரப்பு மூன்று பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். பிறகு ஒருவர் சொல்லி ஒரு 'தெரபி சென்டர்' போனோம். மாடியில் இரண்டு அறை, சுவரில் வண்ணப் படங்கள், "தொண்ணூறு நாளில் குணம்" என்று ஒரு பலகை. முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்டச் சொன்னார்கள். பயிற்சி தருபவர் என்ன படித்தவர் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

அங்கே அரை மணி நேரத்தில் ஒரு பரீட்சை வைத்தார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில், புரியாதபோது தெலுங்கில். வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளை பாதிக்கு மேல் விழித்தான். "அறிவு வளர்ச்சி குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஓர் அறிவுரை: "மூன்று மொழியால்தான் பிள்ளை குழம்புகிறான். வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள். ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்."

நிறுத்தினோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நான்கு மாதம் நிறுத்தினோம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "டோண்ட்", "நோ", "கம்" என்ற மூன்று சொற்களே அதிகம் வந்தன. தமிழ் தவிர வேறு எதுவும் தெரியாத என் மாமியாரிடம், "பேரனிடம் அதிகம் பேசாதீர்கள் அத்தை" என்று சொன்னேன். இரவில் கதை சொல்லித் தூங்க வைத்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார். பிள்ளையின் துறுதுறுப்பு குறையவில்லை, பேச்சுத்தான் குறைந்தது.

வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் நம்மவர் பலருக்கு இதே அறிவுரை கிடைத்திருக்கும். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இரண்டு மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. வீட்டு மொழியை நிறுத்துவதால் அது போவதும் இல்லை. நின்று போவது வீட்டாரோடு பிள்ளைக்கு உள்ள ஒட்டுதல்தான்.

காட்பாடி வழியாகப் பாகாயம்

தடுப்பூசி போட்ட நாள் முதல் எங்களைத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவர் அந்தப் பரீட்சைத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக் கொண்டார். "பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் பரீட்சை வைக்கும் இடத்துக்குப் போங்கள். நீங்கள் தமிழர். வேலூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?" என்று கேட்டார்.

திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயில் போகிறது. காட்பாடியில் இறங்கினால் பாகாயம் செல்லப் பேருந்து கிடைக்கும். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்கேதான் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி, சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறையைத் தொடக்க காலத்திலிருந்தே கடைப்பிடித்து வரும் இடம் அது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. 'மனநலம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டு வந்தே?" என்றார். பதில் சொல்லாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சற்று நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அங்கே ஒரே நாளில் எதையும் முடிவு செய்யவில்லை. எங்களிடம் ஒரு கேள்வித்தாள், பள்ளி ஆசிரியைக்கு ஒரு கேள்வித்தாள். கண்ணும் காதும் சரியாக உள்ளனவா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு ஒரு பெண் உளவியலாளர் அவனோடு தமிழில் பேசினார். ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். என் பிள்ளை பாட்டியிடம் கேட்ட நரிக் கதையை, நரி மாதிரியே முழித்துக் காட்டிச் சொன்னான். கதவுக்கு வெளியே இருந்த எனக்குக் கேட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

இரண்டாம் முறை போனபோது முடிவு சொன்னார்கள். அறிவு வளர்ச்சியில் குறை ஏதும் இல்லை. இருப்பது ஏ.டி.எச்.டி. தமிழில் சொன்னால் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு.

இது என்ன, இது எது இல்லை

இது நேற்று முளைத்த நோய் அல்ல. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி இருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இன்றைய பெயர் 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம் பெற்றது. 2013-இல் வந்த அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தெளிவாகச் சொல்கிறது. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகை இயக்கத்துக்கும் அவசரத்துக்கும் ஒன்பது அறிகுறிகள். பிள்ளைகளுக்கு இவற்றில் ஒரு பட்டியலிலாவது ஆறு இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் இருந்தால் பள்ளியைப் பார்க்க வேண்டும். வீட்டில் மட்டும் இருந்தால் வீட்டைப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு இது இருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் இது 11 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் இரண்டு பேராவது இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஓடி ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவு காணும் பெண் குழந்தையும் ஒருத்தியாக இருக்கலாம். அவளை யாரும் வாலு என்று சொல்வதில்லை. 'மந்தம்' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

வளர்ப்புச் சரியில்லாததால் வருவது அல்ல இது. பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. இதை மருத்துவர் சொன்னபோது என் கணவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது காட்பாடி நடைமேடையில் உட்கார்ந்து, "என்னை எங்கப்பா தூண்ல கட்டி வச்சு அடிச்சிருக்கார். ஏன் அடிக்கிறார்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். மின்கட்டணம் கட்ட மறப்பதும், வண்டிச் சாவியைத் தினமும் தேடுவதும், பேச்சின் நடுவே எழுந்து போவதுமாக அவரிடம் நான் சலித்துக்கொண்ட அத்தனையும் எனக்கு அப்போது வேறு மாதிரித் தெரிந்தன. அன்றிலிருந்து அவர் பிள்ளை மேல் கை வைத்ததில்லை.

வாரந்தோறும் யாரிடம் போவது?

நோயைக் கண்டுபிடித்தது வேலூரில். ஆனால் பயிற்சிக்கு வாரா வாரம் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வர முடியுமா? இங்கேதான் எங்களுடைய உண்மையான தேடல் தொடங்கியது. 'தெரபிஸ்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் பலர் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பரீட்சைகள் வைப்பார், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடத்தைப் பயிற்சி தருவார். மருந்து எழுத மாட்டார். சிறப்புக் கல்வியாளர் படிக்கவும் எழுதவும் தனி முறையில் சொல்லித் தருவார். ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட் எழுதும் கை, உடல் ஒருங்கிணைப்பு, அன்றாட வேலைகள் ஆகியவற்றில் பயிற்சி தருவார். எல்லாப் பிள்ளைக்கும் எல்லாரும் தேவை இல்லை.

மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குழுமம். பதிவு எண் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்களுக்கு இப்போது பயிற்சி தருபவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே சான்றிதழைக் காட்டினார்.

அவரைக் கண்டுபிடித்தது சித்தூரில். திருப்பதியில் விசாரித்தவரை, தகுதி உள்ளவருக்குத் தமிழ் வரவில்லை; தமிழ் வந்தவருக்குத் தகுதி இல்லை. அப்போதுதான் எல்லை ஊரின் அருமை தெரிந்தது. சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூர் அங்கேயே நின்றது. கோடு மாறினாலும் நாக்கு மாறவில்லை. இன்றும் சித்தூர்க் கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கேட்கலாம். எங்கள் பயிற்சியாளரின் தாய்மொழி தெலுங்கு. ஆனால் வேலூரில் படித்தவர், பிள்ளையோடு தமிழில்தான் பேசுகிறார். முதல் நாளே என் மாமியாரையும் உள்ளே அழைத்து, "பாட்டிம்மா, ராத்திரிக் கதையை இன்னிக்கே மறுபடி ஆரம்பிங்க" என்றார். என் மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் திருப்பதியிலிருந்து சித்தூருக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர் பேருந்துப் பயணம். ஆறு மாதம் அப்படிப் போனோம். பிறகு மாதம் இரண்டு முறை நேரில், மற்ற வாரங்களில் செல்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது என்று மாற்றிக் கொண்டோம். தொலைவிலிருந்தபடி மருத்துவ ஆலோசனை தர மருத்துவர்களுக்கான விதிமுறைகள் 2020 மார்ச்சில் வெளியிடப்பட்டன. அதன் பிறகு இந்தத் துறையில் பலரும் இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். தமிழ் பேசும் நிபுணர் கிடைக்காத ஊரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது ஒரு பெரிய வரம்.

புளியங்கொட்டை வைத்தியம்

பயிற்சி என்றால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நாம் வெளியே பத்திரிகை படிக்கலாம் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. முதல் எட்டு வாரமும் பாடம் எங்களுக்குத்தான். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் அது சிகிச்சையின் பாதி.

கற்றுக்கொண்டதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கூடத்திலிருந்து கத்தக் கூடாது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும். "பல் தேய்ச்சுட்டு, குளிச்சுட்டு, யூனிபாரம் போட்டுட்டு வா" என்பது அவனுக்கு ஒரு வாக்கியம் அல்ல, மூன்று மலை. வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்க வேண்டும். நடுவில் மாடிப்படி ஏறி இறங்கலாம். நல்லது செய்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். மாத முடிவில் சைக்கிள் என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம்.

இதற்கு என் மாமியார் கண்டுபிடித்ததுதான் புளியங்கொட்டை. சொன்ன வேலையை முடித்தால் உடனே ஊறுகாய் ஜாடியில் ஒரு புளியங்கொட்டை. பத்துச் சேர்ந்தால் பாட்டியோடு ஓர் ஆட்டம் பல்லாங்குழி. பயிற்சியாளர் இதைக் கேட்டு, "புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. ஆனால் இது அதைவிட நன்றாக இருக்கிறது" என்று சிரித்தார்.

பள்ளியையும் மாற்றினோம். புதிய ஆசிரியை அவனை முதல் வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். கரும்பலகை துடைப்பதும் நோட்டுப் புத்தகங்களை எடுத்துப் போவதும் அவன் வேலை. உட்கார முடியாத பிள்ளைக்கு எழுந்து நடக்க ஒரு நியாயமான காரணம் வேண்டும் என்று அந்த அம்மாள் புரிந்துகொண்டார்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை

இதை மறைப்பது சரியல்ல என்பதால் சொல்கிறேன். பத்து மாதப் பயிற்சிக்குப் பிறகும் வகுப்பில் எழுத முடியாமல் தவித்ததால், வேலூர் மருத்துவர் சிறிய அளவில் மெதில்ஃபெனிடேட் தொடங்கினார். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஊக்க மருந்து கொடுத்த பிள்ளைகள் அமைதியாகப் படித்ததைத் தற்செயலாகக் கண்டறிந்தார். அந்த வழியில் வந்த மருந்து இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது.

மருந்தா, பயிற்சியா என்று கேட்பவர்களுக்கு 1999-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு பதில் சொல்கிறது. 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் கவனித்தார்கள். முக்கிய அறிகுறிகள் குறைவதற்கு, முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து பயிற்சியைவிட நன்கு உதவியது. பெற்றோரோடு உள்ள உறவு போன்றவற்றில் இரண்டும் சேர்ந்ததற்குக் கூடுதல் பயன் இருந்தது. எங்கள் அனுபவமும் அப்படியே. ஆனால் பசி குறைந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது. மருத்துவரிடம் சொன்னோம். காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறைய இட்லி, மாலையில் வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு என்று மாற்றிக்கொண்டு, மாதாமாதம் எடை பார்த்து எழுதி வைக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு மருந்து வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நானும் அல்ல, பக்கத்து வீட்டாரும் அல்ல.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. நீங்கள் என்ன படித்தவர்? பதிவு எண் என்ன?

2. என் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் பரீட்சை வைப்பீர்களா? பயிற்சியும் அந்த மொழியில்தானா?

3. பெற்றோராகிய எங்களுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? (எங்களை வெளியே உட்கார வைப்பவர் வேண்டாம்.)

4. பள்ளி ஆசிரியரோடு பேசுவீர்களா?

5. மூன்று மாதத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம்? அதை எப்படி அளப்பீர்கள்?

"குணப்படுத்திவிடுவேன்" என்று யாராவது தேதி குறித்தால், பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பணவசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வரும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை நாம்தான் அழைத்துப் போக வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம் என்பதால், உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு விசாரியுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம்.

சான்றிதழ் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம் பெறவில்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு அதுவும் சேர்ந்தே இருப்பதால், படிப்பதிலும் எழுதுவதிலும் தொல்லை இருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நிறைவாக

என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. முதல் மதிப்பெண் வாங்குகிறான் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. பென்சில் இன்னமும் தொலைகிறது, மாதம் நான்கு. நேற்றுக்கூடத் தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டான். ஆனால் நாட்குறிப்பில் ஏதாவது எழுதியிருந்தால் நேராக என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறான். கையில் வேறு எதுவும் கொண்டு வருவதில்லை.

நம் சங்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களில் என்னைப் போல் ஒரு தாயாவது இன்று மாலை கரண்டியைக் கையில் எடுத்திருப்பாள். அவளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தமிழ் பேசும் நல்ல மருத்துவர்கள், பயிற்சியாளர்கள் பெயர்களைத் திரட்டி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தேநீர் நேரத்தில் வந்து கேளுங்கள். "யாருக்காக?" என்று நான் கேட்க மாட்டேன்.

வணக்கம்.

— ஒரு தாய், திருப்பதி